முடக்கு வாதம்: முதல் வீக்கத்திலிருந்து மருந்தைக் குறைக்கும் நாள் வரை

முடக்கு வாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) வலி ஒரு கணக்கு, மூட்டுச் சேதம் இன்னொரு கணக்கு. வலி மாத்திரை போட்டால் முதலாவது இறங்கும். இரண்டாவது தன் போக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ‘மாத்திரை போட்டா தாங்கிக்கலாம்’ என்று மாதக்கணக்கில் சமாளித்துவிட்டு, விரல் கோண ஆரம்பித்த பிறகு சரியான மருத்துவரிடம் வந்து சேர்பவர்கள் நிறைய. கோணிய விரலை எந்த மருந்தும் நிமிர்த்தாது. கோணுவதற்கு முன்பே பிடித்துவிட்டால், இன்றிருக்கும் மருந்துகளை வைத்துப் பெரும்பாலானோருக்கு நோயை அடக்கி வைக்க முடியும். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போகலாம்: இது வலியைக் குறைக்கிறதா, நோயை அடக்குகிறதா?

மருந்தின் அளவுகளைச் சில இடங்களில் எண்ணோடு சொல்லியிருக்கிறேன். மருத்துவர் எழுதும் சீட்டைப் புரிந்துகொள்ளத்தான் அவை; நாமே தொடங்கவோ மாற்றவோ அல்ல.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

மூட்டின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கும். ஓரிரண்டு செல் அடுக்கு கனம்தான். மூட்டு வழுக்கிக்கொண்டு அசையத் தேவையான திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. முடக்கு வாதத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் இந்தச் சவ்வையே பகையாக எடுத்துக்கொள்கிறது. வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன, சவ்வு தடிக்கிறது, புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. தடித்த சவ்வு குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை அரிக்கும்; பிறகு எலும்பின் விளிம்பையும். டிஎன்எஃப், இன்டர்லூகின் 6 போன்ற புரதங்கள்தான் இந்த அழற்சியை ஊதிவிடுபவை. அவை ரத்தத்தோடு உடல் முழுக்கச் சுற்றுவதால்தான் மூட்டு வலியோடு அடித்துப்போட்டதுபோல் சோர்வும், லேசான காய்ச்சலும், எடைக் குறைவும், ரத்தசோகையும் வருகின்றன. சுற்றியிருப்பவர்கள் ‘சோம்பல்’ என்று நினைக்கும் அந்தச் சோர்வு, நோயின் நேரடி விளைவு.

வயது வந்தோரில் நூற்றுக்கு ஒருவர், அல்லது அதற்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். எந்த வயதிலும் வரலாம் என்றாலும் 30-லிருந்து 60-க்குள் தொடங்குவது வழக்கம். பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்று கிடையாது. நம் கையில் இருக்கும் காரணங்களில் பெரியது புகைபிடித்தல். புகை நுரையீரலில் சில புரதங்களின் அமைப்பை மாற்றிவிடுகிறது. மாறிய புரதத்தை எதிர்த்து உடல் ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) உருவாக்குகிறது. நாள்பட்ட ஈறு நோய்க்கும் இதில் பங்கிருப்பதாகக் கருதப்படுகிறது. இந்த ஆன்டிபாடிகள், முதல் மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் தென்படுவது உண்டு. மழையில் நனைந்ததால் வந்தது, பிள்ளை பெற்றபோது சரியாகக் கவனிக்காததால் வந்தது என்றெல்லாம் வீட்டில் சொல்வதை விட்டுவிடலாம்.

முதல் படி: எப்போது சந்தேகப்பட வேண்டும்

எந்த மூட்டு, எந்த நேரம் என்ற இரண்டையும் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

முடக்கு வாதம் சிறு மூட்டுகளில் தொடங்கும்: விரலின் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு, கால்விரல்களின் அடிப்பகுதி. பெரும்பாலும் இரண்டு கையிலும், இரண்டு காலிலும். நகத்துக்கு அடுத்துள்ள நுனிக்கணுவை அது பெரும்பாலும் தொடுவதில்லை. அங்கே முடிச்சு முடிச்சாகத் தடித்தால் மூட்டுத் தேய்மானத்தையோ சொரியாசிஸ் சார்ந்த மூட்டு நோயையோதான் முதலில் நினைக்க வேண்டும். காலில் தொடங்கும்போது பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் கூழாங்கல் மேல் மிதிப்பதுபோல் இருக்கும். செருப்பை மாற்றிப் பார்த்தே சில மாதங்கள் போய்விடும்.

அடுத்தது காலை விறைப்பு. தேய்மானத்திலும் விறைப்பு உண்டு, ஆனால் எழுந்து நடமாடினால் அரை மணிக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்கு வாதத்தில் தலைகீழ். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். சட்டைப் பொத்தான் போட வராது, பல் துலக்கும் பிரஷைப் பிடிக்க வராது. புழங்கப் புழங்கத்தான் கை இளகும்.

வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை: நான்கு விரல்களின் அடிக்கணுக்களையும் சேர்த்துப் பக்கவாட்டில் கைகுலுக்குவது போல மெதுவாக அழுத்திப் பாருங்கள். கால்விரல்களின் அடியிலும் அதேபோல. சாதாரணமாக இதில் வலிக்கக் கூடாது. வலித்தால் அழற்சி இருக்க வாய்ப்பு உண்டு. மருத்துவர்களும் இதே சோதனையைச் செய்கிறார்கள்.

காய்ச்சல் வந்துபோனதா என்பதையும் யோசியுங்கள். சிக்குன்குனியா, பார்வோவைரஸ் போன்றவை முடக்கு வாதத்தின் அச்சாகவே மூட்டுகளை வீங்க வைக்கும். சிக்குன்குனியாவில் மாதக்கணக்கில்கூட நீடிக்கலாம். பெரும்பாலான வைரஸ் மூட்டுவலி ஆறு வாரத்துக்குள் வடிந்துவிடும் என்பதால்தான் ஆறு வாரம் என்ற எண் இந்த நோயில் அடிக்கடி அடிபடுகிறது. ஒரே இரவில், கட்டைக் கால்விரல் மட்டும் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகும் வலி என்றால் அது யூரிக் அமிலத்தின் வேலையாக இருக்கும்.

இரண்டாம் படி: யாரிடம், எவ்வளவு சீக்கிரம்

வீங்கிய மூட்டு இருந்து, விறைப்பு அரை மணியைத் தாண்டினால் ருமட்டாலஜிஸ்டை, அதாவது வாதநோய் நிபுணரைப் பாருங்கள். எலும்பு மருத்துவரும் நல்லவர்தான். ஆனால் அவருடைய துறை எலும்பு முறிவும் அறுவை சிகிச்சையும். இது எதிர்ப்பாற்றல் சார்ந்த நோய். அறிகுறி தொடங்கிய ஆறு வாரத்துக்குள் நிபுணர் பார்த்துவிட வேண்டும், நோய் நீடிக்கும் என்று தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் நோயை அடக்கும் மருந்து தொடங்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பின் பரிந்துரை. அந்த ஆரம்ப மாதங்களில் தொடங்குபவர்களுக்குப் பலன் கூடுதலாகக் கிடைக்கிறது.

போகும்வரை இரண்டு காரியம். ஒன்று, வீக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அது வடிந்திருக்கும், எப்போதுமே அப்படித்தான். எழுந்த நேரம், கை இளகிய நேரம், வலித்த மூட்டுகள் என்று தினம் ஒரு வரி குறித்தாலும் போதும். இரண்டாவது, இடையில் யாராவது ‘இந்த மாத்திரை போடு, ரெண்டே நாளில் சரியாகிவிடும்’ என்று தந்தால் வாங்காதீர்கள். இரண்டே நாளில் முடக்கு வாதத்தை வடிய வைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். கண்டறிவதற்கு முன்பே அதைப் போட்டால் வீக்கம் மறைந்துவிடும், நிபுணருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. பெயர் போடாத பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டும் கன உலோகமும் கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை தெரியவந்திருக்கிறது.

மூன்றாம் படி: பரிசோதனைத் தாளைப் படிப்பது

குழப்பம் அதிகம் நடக்கும் இடம் இதுதான்.

ஆர்ஏ ஃபேக்டர் என்ற ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்த உடனே முடக்கு வாதம் என்று முடிவுகட்டுவது தவறு. நோயே இல்லாதவர்களிலும் ஒரு சிறு பங்கினருக்கு அது பாசிட்டிவாக இருக்கும். வயது ஏற ஏற அந்தப் பங்கு கூடும். ஹெபடைடிஸ் சி, காசநோய், இதய வால்வுத் தொற்று, கண்ணும் வாயும் வறளும் ஷோகிரென் நோய் ஆகியவற்றிலும் வரும். மறுபக்கம், உண்மையாகவே முடக்கு வாதம் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குத்தான் அது பாசிட்டிவ். ஆக, வீக்கமே இல்லாதவர் ‘ஃபுல் பாடி செக்கப்’பில் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, வீக்கம் உள்ளவர் நெகட்டிவ் என்று நிம்மதியடையவும் முடியாது.

ஆன்டி சிசிபி என்ற இன்னொரு ஆன்டிபாடி இதைவிட நம்பகமானது. அது பாசிட்டிவாக வந்தால் முடக்கு வாதமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். மற்ற நோய்களில் அது அரிதாகவே வரும். அளவு மிக அதிகமாக இருந்தால் மூட்டு அரிப்பு வேகமாக நடக்கலாம் என்ற எச்சரிக்கையும் கூட. இரண்டு ஆன்டிபாடியும் இல்லாத முடக்கு வாதமும் உண்டு. அவர்களுக்குத்தான் கண்டறிவது தாமதமாகிறது.

ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எங்கே என்று சொல்லாது. ரத்தசோகையிலும், கர்ப்பத்திலும், வயது கூடும்போதும் ஈஎஸ்ஆர் ஏறும். சிலருக்கு மூட்டு நன்றாக வீங்கியிருந்தும் இரண்டும் சரியாகவே இருக்கும். பல இடங்களில் ‘ஆர்த்ரைடிஸ் பேக்கேஜ்’ என்ற பெயரில் சேர்த்து எடுக்கப்படும் ஏஎஸ்ஓ, வாதக் காய்ச்சல் சந்தேகத்துக்கான சோதனை. பெரியவர்களின் முடக்கு வாதத்தைக் கண்டுபிடிக்க அது உதவாது.

எக்ஸ்ரே ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ‘எக்ஸ்ரே நார்மல், உனக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டால் அதை ஏற்காதீர்கள்: எக்ஸ்ரேயில் அரிப்பு தெரிகிறது என்றால் சேதம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்றுதான் பொருள். ஆனாலும் இரண்டு கை, இரண்டு பாதத்தின் எக்ஸ்ரே தொடக்கத்திலேயே எடுத்து வைக்க வேண்டும், பின்னால் ஒப்பிடுவதற்கு. சந்தேகமான வீக்கத்தை அல்ட்ராசவுண்டு நன்றாகக் காட்டும்; சவ்வில் ரத்த ஓட்டம் கூடியிருப்பதுகூடத் தெரியும். எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவைப்படாது.

நான்காம் படி: நோய் இதுதான் என்று எப்படி முடிவாகிறது

தனி ஒரு பரிசோதனை முடிவு செய்வதில்லை. அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. ஒரு மூட்டிலாவது கண்ணுக்கும் கைக்கும் தெரியும் வீக்கம் இருந்து, அதற்கு வேறு நோய் காரணமில்லை என்றால் மட்டுமே கணக்குப் போட வேண்டும். மொத்தம் 10, ஆறும் அதற்கு மேலும் வந்தால் முடக்கு வாதம்.

சிறு மூட்டு ஒன்றிலிருந்து மூன்று என்றால் 2, நான்கிலிருந்து பத்து என்றால் 3, பத்துக்கு மேல் என்றால் 5. பெரிய மூட்டுகள் மட்டும் இரண்டு முதல் பத்து என்றால் 1. ஆர்ஏ ஃபேக்டரோ ஆன்டி சிசிபியோ குறைந்த அளவில் பாசிட்டிவ் என்றால் 2. இயல்பின் மேல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் 3. ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி கூடியிருந்தால் 1. ஆறு வாரமோ அதற்கு மேலோ நீடித்தால் 1.

ஆறு சிறு மூட்டுகளில் தொந்தரவு, ஆன்டி சிசிபி மிக அதிகம் என்றால் அங்கேயே 6 வந்துவிடுகிறது. ஆன்டிபாடி இரண்டுமே இல்லாதவருக்கு எண்ணிப் பாருங்கள்: பத்துக்கு மேற்பட்ட மூட்டுகள், ஆறு வாரம், அப்போதும் 6. நெகட்டிவாக வந்தாலும் நோய் இருக்கலாம் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இம்முறை முதன்மையாக ஆய்வுகளுக்காக உருவானது; ஐந்தில் நிற்பவருக்கும் அனுபவமுள்ள மருத்துவர் சிகிச்சை தொடங்கலாம்.

ஐந்தாம் படி: மருந்துக்கு முன்

ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி, சி, மார்பு எக்ஸ்ரே. இவை இல்லாமல் சிகிச்சை தொடங்கினால் காரணம் கேளுங்கள். நீங்களாகவே சொல்ல வேண்டியவையும் உண்டு: குடிப்பழக்கம், குழந்தைத் திட்டம், பழைய காசநோய், சல்பா மருந்து ஒவ்வாமை. இதில் எதையும் கூச்சப்பட்டு மறைத்தால் பின்னால் மருந்தே வினையாகும். தடுப்பூசிக் கணக்கையும் அப்போதே பாருங்கள். ஃப்ளூ, நிமோனியா ஊசிகள் இவர்களுக்கு அவசியம். உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளை பயாலஜிக் மருந்து (எட்டாம் படியில் வருவது) தொடங்கியபின் போட முடியாது.

ஆறாம் படி: மெத்தோட்ரெக்சேட்

நோயை அடக்கும் மருந்துகளில் முதலிடம் இன்றும் இதற்குத்தான். முடக்கு வாதத்துக்கு 1988-லேயே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பழைய மருந்து. மலிவு, நெடுங்கால அனுபவம், புதிய மருந்துகளோடு சேர்ந்தும் நன்றாக வேலை செய்யும் குணம் என்று அதற்குப் பல காரணம்.

இதில் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: வாரம் ஒருமுறை. தினமும் அல்ல. தினசரி மாத்திரைகளோடு கலந்துபோய் தவறுதலாக நாள்தோறும் விழுங்கியவர்களில் எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. கிழமையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், அட்டையைத் தனி டப்பாவில் வையுங்கள், மருத்துவமனையில் வேறு காரணத்துக்காகச் சேர்ந்தால் செவிலியரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வழக்கமாக வாரம் 7.5 முதல் 15 மில்லிகிராமில் தொடங்கி, தாங்குவதைப் பொறுத்து 20, 25 வரை ஏற்றுவார்கள். கூடவே ஃபோலிக் ஆசிட். வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் தொந்தரவைக் குறைக்க. ‘இது புற்றுநோய் மருந்தாமே’ என்று பயந்து நிறுத்துபவர்கள் நிறைய. உண்மைதான், சில புற்றுநோய்களுக்கு இதையே தருகிறார்கள். ஆனால் அங்கே அளவு கிராம் கணக்கைத் தொடும், இங்கே மில்லிகிராம். முடி கொஞ்சம் மெலியலாம், மொட்டையாகாது.

மருந்து போட்ட மறுநாள் வரும் குமட்டலும் அசதியும்தான் பலரைத் தோற்கடிக்கின்றன. பேசாமல் நிறுத்திவிடாதீர்கள். இரவில் சாப்பிட்டபின் போடலாம், அன்றைய அளவை அதே நாளுக்குள் இரண்டாகப் பிரிக்கலாம், தோலடி ஊசிக்கு மாறலாம். ஊசி வயிற்றைத் தொந்தரவு செய்வது குறைவு. அதிக அளவில் உடலில் சேர்வதும் நன்றாக இருக்கும்.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் ‘கேட்கவில்லை’ என்று மருத்துவரை மாற்றினால், புது மருத்துவரிடம் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையும், நிலைத்தபின் 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை. உடல் நன்றாக இருந்தாலும் விடக் கூடாது, ஏனென்றால் கல்லீரல் முதலில் வலித்துக் காட்டாது. காய்ச்சலோடு கூடிய தொற்று வந்தால் அந்த வார மருந்தைப் போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக்கை இதோடு சேர்க்கக் கூடாது; யார் ஆன்டிபயாடிக் எழுதினாலும் மெத்தோட்ரெக்சேட் போடுவதைச் சொல்லிவிடுங்கள். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் புதிதாக வந்தால் நிறுத்திவிட்டு உடனே போய்க் காட்ட வேண்டும்.

கூட்டாளி மருந்துகள்

ஹைட்ராக்சிகுளோரோகுயின் மென்மையானது; லேசான நோய்க்கும் கூட்டு மருந்தாகவும் தருவார்கள். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால் விழித்திரைக்கு ஆபத்து குறைவு. தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும். சல்பாசலசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பயப்பட வேண்டாம். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். லெஃப்ளுனோமைடு மெத்தோட்ரெக்சேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல மாற்று. உடலைவிட்டு வெளியேற மிக நீண்ட காலம் எடுக்கும் என்பது அதன் சிக்கல்.

மெத்தோட்ரெக்சேட், சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மூன்றையும் சேர்த்துத் தருவதும் உண்டு. மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதவர்களிடம் இந்த மூன்று சேர்ந்த சிகிச்சையை விலை உயர்ந்த எட்டானெர்செப்ட் ஊசியோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது, மாத்திரைகள் பின்தங்கவில்லை. பணம் ஒரு தடையாக இருப்பவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

ஸ்டீராய்டு: பாலம் மட்டும்

1948-ல் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் முடக்கு வாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெண்ணுக்கு, கார்டிசோன் என்று பின்னர் அறியப்பட்ட பொருளை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு. அதற்குள்ளாகவே மறுபக்கமும் தெரியத் தொடங்கிவிட்டது: முகம் வீங்குவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு மெலிவது, தொற்று, கண்புரை.

இன்று அதன் இடம் தெளிவு. மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கும்வரையிலான வாரங்களைக் கடக்க, குறைந்த அளவில், முடிந்தால் மூன்று மாதத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது. ஒரே மூட்டு அடம்பிடித்தால் அதற்குள்ளேயே ஊசி போடலாம். பல வாரங்கள் போட்டபின் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. உடல் தானே சுரப்பதை நிறுத்தியிருக்கும், ரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம். ‘நோயை அடக்கும் மருந்து எதுவும் இல்லாமல் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் மட்டும்’ என்று ஒரு சீட்டு ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், அதை எடுத்துக்கொண்டு வேறொரு நிபுணரைப் பாருங்கள் என்பேன்.

வலி மாத்திரைகளுக்கும் இடமுண்டு, துணைக்கு மட்டும். வயிற்றுப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு, தேவைப்படும் நாட்களில்.

ஏழாம் படி: இலக்கை எண்ணில் வைப்பது

‘இப்ப எப்படி இருக்கு?’ ‘பரவாயில்லை டாக்டர்.’ இந்த உரையாடலோடு சந்திப்பு முடிந்துபோனால் நோய் அடங்கியதா என்று யாருக்கும் தெரியாது. சர்க்கரைக்கு எண் இருப்பதுபோல் இதற்கும் உண்டு. வீட்டிலேயே புரிந்துகொள்ளக்கூடியது சிடிஏஐ என்ற கணக்கு. தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கைவிரல்களின் அடிக்கணு, நடுக்கணு (கட்டைவிரலின் கணுவோடு) என்று 28 மூட்டுகளில் தொட்டால் வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று எண்ண வேண்டும். நோயாளி தன் நிலைமைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண், மருத்துவர் தன் பார்வையில் ஒன்று. நான்கையும் கூட்டினால் வருவதுதான்.

2.8-க்குள் என்றால் நோய் அடங்கிவிட்டது. 10 வரை குறைந்த தீவிரம். 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. வலிக்கும் மூட்டு 4, வீங்கியது 3, உங்கள் மதிப்பெண் 4, மருத்துவருடையது 3 என்றால் 14. ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு வரக்கூடிய நிலைதான், ஆனால் மருந்தை மாற்றியமைக்க வேண்டிய எண். பாதம் இந்த 28-ல் சேராது. காலில்தான் தொந்தரவு என்றால் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நோய் தீவிரமாக இருக்கும்வரை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு சந்திப்பு. மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றம், ஆறு மாதத்தில் இலக்கு. இல்லையென்றால் சிகிச்சை மாற வேண்டும். ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பியைச் சேர்த்துக் கணக்கிடும் டாஸ் 28 என்ற முறையையும் பலர் பயன்படுத்துகிறார்கள், அதில் 2.6-க்குக் கீழ் வர வேண்டும்.

எட்டாம் படி: பயாலஜிக் ஊசிகளும் ஜாக் மாத்திரைகளும்

இலக்கு எட்டாதபோது இவை வருகின்றன. டிஎன்எஃபைத் தடுக்கும் அடலிமுமாப், எட்டானெர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப். இன்டர்லூகின் 6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப். வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப். இன்னொரு வகையான டி செல்லின் தூண்டுதலைத் தடுக்கும் அபாடசெப்ட். ஒரு வகை கேட்காவிட்டால் இன்னொன்று கேட்கலாம்; இரண்டை ஒன்றாகப் போடக் கூடாது. அசல் மருந்துகளின் காப்புரிமை முடிந்தபின் அவற்றை ஒத்ததாக வந்த பயோசிமிலர்கள் செலவைக் குறைத்திருக்கின்றன, அவற்றை நம்பலாம்.

தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் கட்டாயம் சோதிக்க வேண்டும். டிஎன்எஃப் தடுப்பான்கள் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும். டோசிலிசுமாப் போடுபவர்களிடம் வேறொரு பொறி: அது சிஆர்பியையே அழுத்திவிடும். கடும் தொற்று இருந்தும் சிஆர்பி இயல்பாக வந்து எல்லோரையும் ஏமாற்றலாம். அவசரப் பிரிவுக்குப் போனால் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப், உபாடாசிட்டினிப் ஆகியவை ஜாக் தடுப்பான்கள், அதாவது செல்லுக்குள் அழற்சிச் சைகையைக் கடத்தும் ஜாக் நொதியைத் தடுப்பவை. ஊசி இல்லை, மாத்திரை. வேகமாகவும் வேலை செய்யும். ஆனால் மாரடைப்பு, ரத்தக்கட்டி, புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்து குறித்து 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை சேர்த்தது. 65 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், இதய நோய் உள்ளவர்களுக்கு வேறு வழி இருந்தால் அதுவே நல்லது. அக்கியும் இவற்றில் கூடுதலாக வரும்.

மூட்டுக்கு வெளியே

இந்த நோயில் ஆயுளைக் குறைப்பது மூட்டு அல்ல, இதயம். அடங்காத அழற்சி ரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. வழக்கமான மாரடைப்பு ஆபத்துக் கணக்கை இவர்களுக்கு ஒன்றரை மடங்காக்கிக் கொள்ளும்படி ஐரோப்பியப் பரிந்துரை சொல்கிறது. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரையைக் கவனிப்பதும் முடக்கு வாத சிகிச்சையில் சேர்ந்ததுதான். நுரையீரல் தழும்பு, கண் வறட்சி, முழங்கைக்குப் பக்கத்தில் வலியில்லாத கட்டிகள், எலும்பு மெலிவு ஆகியவையும் வரலாம். நெடுநாள் நோயாளிகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கும்போது கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள் என்பதால், எந்த அறுவை சிகிச்சைக்கும் முன் மயக்க மருத்துவரிடம் நோயைச் சொல்லிவிடுங்கள்.

அன்றாடம்

ஓய்வெடுத்தால் மூட்டு பிழைக்கும் என்ற எண்ணம் பழையது. அசைக்காத மூட்டைச் சுற்றிய தசை கரைந்துபோகும், பிறகு மூட்டைத் தாங்க ஆளில்லை. நடை, நீச்சல், சைக்கிள், லேசான எடைப்பயிற்சி எல்லாம் பாதுகாப்பானவை. விரலுக்கும் மணிக்கட்டுக்கும் பிசியோதெரபிஸ்ட் தரும் பயிற்சிகள் பிடியின் பலத்தைக் கூட்டும். வீங்கிச் சுடும் நாளில் மட்டும் அந்த மூட்டை மெதுவாக அசைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுவது, தடித்த கைப்பிடி உள்ள பொருட்களைத் தேர்வது போன்ற சின்ன மாற்றங்கள் விரல்கணுக்களின் சுமையைக் குறைக்கும்.

புகையை விட வேண்டும். புகைப்பவர்களிடம் மருந்தும் சரியாகக் கேட்பதில்லை. உணவைப் பொறுத்தவரை, நோயைத் தீர்க்கும் உணவும் கிடையாது, இந்தக் காயைத் தொட்டால் வாதம் ஏறும் என்பதற்கு நல்ல ஆதாரமும் கிடையாது. ஒமேகா 3 கொழுப்பு சிலருக்கு வலியைக் கொஞ்சம் குறைக்கிறது. எடை குறைந்தால் முழங்காலுக்கு நல்லது. பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் சத்துக் குறைந்து நிற்பவர்களைப் பார்க்கத்தான் வருத்தமாக இருக்கிறது.

குழந்தைத் திட்டம்

மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளுனோமைடும் கருவைப் பாதிக்கும். முன்னதைக் கருத்தரிக்க முயல்வதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும். பின்னதை நிறுத்தினால் மட்டும் போதாது, கொலஸ்டிரமின் என்ற மருந்தால் உடலிலிருந்து வெளியேற்ற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பாசலசின், டிஎன்எஃபைத் தடுக்கும் செர்டோலிசுமாப் ஊசி ஆகியவை கர்ப்பத்தில் தொடரக்கூடியவை. கர்ப்பத்தில் பலருக்கு நோய் தானே தணியும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் திரும்ப எழும். குழந்தையைத் தூக்க வேண்டிய அதே நேரத்தில் மணிக்கட்டு வீங்கும் என்பதால், அப்போதைய மருந்துத் திட்டத்தைப் பிரசவத்துக்கு முன்பே பேசி வைப்பது நல்லது.

தாமதிக்கக் கூடாதவை

நோய் அவ்வப்போது சீறுவது உண்டு. பல மூட்டுகள் ஒன்றாக ஏறினால் மருத்துவரை அழைத்து மருந்தைச் சரிசெய்யலாம். கீழுள்ளவை அப்படியல்ல, அன்றே மருத்துவமனை:

- மற்றவை அமைதியாக இருக்க ஒரே மூட்டு மட்டும் சிவந்து, சுட்டு, காய்ச்சலோடு வீங்குவது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.
- மெத்தோட்ரெக்சேட் போடுபவருக்கு வாய் முழுக்கப் புண், காய்ச்சல், தோலில் காரணமில்லாத ரத்தக்கட்டுகள்.
- கண் சிவந்து ஆழமாக வலிப்பது, பார்வை மங்குவது.
- கழுத்து வலியோடு கை கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது.
- பயாலஜிக் மருந்து போடுபவருக்கு விடாத காய்ச்சல் அல்லது இருமல்.

கடைசிப் படி: மருந்தைக் குறைப்பது

‘எவ்வளவு நாள் போடணும்?’ என்பதுதான் முதல் சந்திப்பிலேயே எல்லோரும் கேட்பது. பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு மருந்து நீண்ட காலம் தேவைப்படும். நோய் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து அடங்கியிருந்தால் குறைப்பதைப் பேசலாம். முதலில் ஸ்டீராய்டு முழுவதும் போக வேண்டும். அடுத்து பயாலஜிக் அல்லது ஜாக் மருந்தின் அளவைக் குறைப்பது அல்லது இடைவெளியை நீட்டுவது. மெத்தோட்ரெக்சேட் கடைசி. ஒரே நேரத்தில் இரண்டைத் தொடக் கூடாது. எது தாங்கிப் பிடித்தது என்று தெரியாமல் போய்விடும்.

முழுவதுமாக நிறுத்தியவர்களில் கணிசமானோருக்கு நோய் திரும்புகிறது, ஆன்டி சிசிபி பாசிட்டிவாக இருந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. அதே மருந்தை மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும், உடனே தொடங்கினால். ஆகவே குறைக்கும் நாளிலேயே இரண்டு விஷயத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்: அடுத்த சிடிஏஐ எந்தத் தேதியில், அது எந்த எண்ணைத் தாண்டினால் பழைய அளவுக்குத் திரும்புவது.